ஆப்பிரிக்க வங்கியில் ஆப்பிரிக்கனுக்கு எத்தனை ஓட்டு?

பண்ருட்டிப் பக்கம் ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முந்திரி வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் தம் கிடங்கைக் காட்ட அழைத்துப் போனார். கூரை முட்டச் சாக்கு மூட்டைகள். "நம்ம பக்கத்துக் கொட்டைதானா பாய்?" என்று கேட்டேன். சிரித்தார்.

"இல்ல ஹஜ்ரத். இது ஐவரி கோஸ்ட் சரக்கு. தூத்துக்குடியில கப்பல்ல வந்து இறங்குது. நம்ம ஊர்க் கொட்டைய மட்டும் நம்பியிருந்தா வருஷத்துல பாதி நாள் ஷெட்டைப் பூட்டிட்டு உட்கார வேண்டியதுதான்."

"அங்கேயே உடைச்சுப் பருப்பா அனுப்பினா அவங்களுக்கு லாபம் அதிகமில்லையா?"

"அதிகம்தான். அதுக்கு மிஷின் வேணும், கரண்ட் வேணும், கையில முதல் வேணும். யாரு குடுப்பா?"

யார் கொடுப்பார்? அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. கொடுப்பதற்கென்றே ஒரு வங்கி இருக்கிறது சகோதரர்களே! அதுவும் வேறெங்கும் இல்லை, அந்த மூட்டை கிளம்பி வந்த ஐவரி கோஸ்ட் நாட்டிலேயே, அபிஜான் நகரத்தில் இருக்கிறது. பெயர் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி. உலகிலேயே அதிகமாக முந்திரிக்கொட்டை விளைகிற நாட்டில் தலைமை அலுவலகம். ஆனால் அந்த நாட்டுக் கொட்டையில் பெரும்பகுதி இன்றும் உடைபடாமலேயே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது. வங்கி வாசலைத் தாண்டித்தான் லாரி துறைமுகம் போகிறது!

(வட்டி பற்றி நம் நிலை என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதை இங்கே திறந்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். இங்கே கேள்வி, அந்த வங்கி யாருக்காக நடக்கிறது என்பதுதான்.)

கார்ட்டூமில் போட்ட கையெழுத்து

1963 ஆகஸ்ட் 4. சூடான் தலைநகர் கார்ட்டூம். அப்போதுதான் விடுதலை மூச்சு விட்டிருந்த 23 ஆப்பிரிக்க நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மூலதனம் 25 கோடி டாலர். முதல் தலைவர் சூடான் நாட்டவரான மாமூன் பெஹைரி. 1966 ஜூலையில் வேலை துவங்கியது.

அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒரே ஒரு விதி. சுதந்திர ஆப்பிரிக்க நாடுகள் மட்டுமே உறுப்பினர். லண்டனுக்கும் பாரிசுக்கும் வாஷிங்டனுக்கும் அங்கே நாற்காலி கிடையாது. நேற்று வரை சாட்டை பிடித்திருந்தவன் இன்று கணக்குப் புத்தகத்தைப் பிடிக்கக் கூடாது என்று அந்தத் தலைமுறை நினைத்தது. பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தோடு வருகிற ஓட்டு வேண்டாம் என்றார்கள். எவ்வளவு தெளிவு!

அந்தத் தெளிவு இருபது ஆண்டுகூடத் தாங்கவில்லை. பங்குத் தொகை கட்ட வேண்டிய நாடுகள் பல கட்டவில்லை. கட்டியவற்றிடமும் அதிகமில்லை. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது ஏழை நாடுகள் நொடித்தன. 1972இல், மிக ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடனும் மானியமும் தருவதற்கென்று ஆப்பிரிக்க வளர்ச்சி நிதி என்று தனியாக ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்குப் பணம் போட்டது பணக்கார நாடுகள். பின்பு 1982இல் வங்கியின் கதவே வெளியாருக்குத் திறந்தது. அல்ஜீரியாவும் லிபியாவும் நைஜீரியாவும் தயங்கியும் பயனில்லை. நம் இந்தியாவும் 1983இல் உறுப்பினரானது. இன்று 54 ஆப்பிரிக்க நாடுகள், 27 வெளிநாடுகள்.

பெயர்ப்பலகை ஒருவனுடையது, கல்லாச் சாவி வேறொருவனுடையது

வியாபாரிகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கூட்டு வியாபாரத்தில் பங்கு எத்தனை என்பது ஒரு கேள்வி. எந்தத் தீர்மானத்துக்கு எத்தனை பங்கு வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

வங்கியில் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சுமார் 60 சதவீதம், வெளியாருக்கு 40 சதவீதம். தொடக்கத்தில் வெளியாருக்கு மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. தொண்ணூறுகளில் வங்கி நெருக்கடியில் சிக்கியபோது, 1998இல் மூலதனத்தை உயர்த்துகிற பேரத்தில் அது 40 ஆயிற்று. தலைவர் ஆப்பிரிக்கராகத்தான் இருக்க வேண்டும். அவர் ஜெயிக்க மொத்த ஓட்டிலும் பெரும்பான்மை வேண்டும், ஆப்பிரிக்க ஓட்டிலும் பெரும்பான்மை வேண்டும். இதுவரை பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது நிதியின் பக்கம் வாருங்கள். 37 ஏழை நாடுகள் கையேந்துகிற இடம் அதுதான். அங்கே ஓட்டு பாதிக்குப் பாதி. பாதி வங்கிக்கு, பாதி பணம் போட்ட நாடுகளுக்கு. சமமாயிற்றே என்கிறீர்களா? தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும்! வங்கித் தரப்பு முழுவதும் ஒரே குரலில் 'ஆம்' என்றாலும் 50தான். மீதி 25ஐப் பணக்கார நாடுகளிடம்தான் வாங்க வேண்டும்.  அதாவது ஏழைக்குப் போகிற ஒவ்வொரு டாலரும், அது சாலைக்கா, பள்ளிக்கா, மின்கம்பிக்கா என்பது, கொடுத்தவன் தலையசைத்தால்தான்.

ஆப்பிரிக்காவின் பணக்கார நாடுகளுக்கு 60 சதவீத மரியாதை. பரம ஏழைகளுக்கு அந்த மரியாதையும் இல்லை. இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம். தலைவரை மாற்றுவது, சின்னத்தை மாற்றுவது, மாநாட்டு முழக்கத்தை மாற்றுவது எல்லாம் பிறகு.

தலையசைப்பு எப்படி நடக்கும் என்று 2020இல் பார்த்தோம். தலைவர் அகின்வுமி அடெசினா மீது புகார் வந்தது. வங்கியின் நெறிமுறைக் குழு விசாரித்து, குற்றமில்லை என்றது. அமெரிக்க நிதியமைச்சர் ஸ்டீவன் மனுச்சின் விடவில்லை. வெளியாள் விசாரிக்க வேண்டும் என்றார். அயர்லாந்தின் முன்னாள் அதிபர் மேரி ராபின்சன் தலைமையில் மறுபடி குழு. அவர்களும் குழுவின் முடிவு சரிதான் என்றார்கள். அந்த ஆகஸ்டில் அடெசினா மீண்டும் தேர்வானார். புகாரை விசாரித்தது தவறல்ல. பதவியில் இருப்பவனை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் வங்கிக் குழுவின் தீர்ப்பு போதாது, எங்களுக்குத் திருப்தியாகும்வரை மறுபடி நடத்து என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? 40 சதவீதத்திலிருந்து வரவில்லை. நிதிக்கு எழுதுகிற காசோலையிலிருந்து வந்தது.

அந்தக் காசோலையும் நிலையானதா? 2025இல் டிரம்ப் அரசு தன் பட்ஜெட் யோசனையில் இந்த நிதிக்கான 55.5 கோடி டாலரை வெட்டுவதாகச் சொன்னது. ஒரு பேனாக் கோடு! சஹேல் பாலைவன ஓரத்தில் கிணறு தோண்டுவதா வேண்டாமா என்பதை வாஷிங்டன் தேர்தல் தீர்மானிக்கிறது.

யாருடைய அடுப்புக்கு எரிவாயு?

மொசாம்பிக்கின் வடகோடியில் காபோ டெல்காடோ என்றொரு மாகாணம். அதன் கடலோரம் பெரும்பாலும் முஸ்லிம்கள், மீனவர்கள், சிறு விவசாயிகள். அந்தக் கடலடியில் ஏராளமான எரிவாயு. அதை எடுத்துக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றும் திட்டத்துக்கு 2019இல் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 40 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்தது. நடத்துவது பிரெஞ்சு நிறுவனமான டோட்டல். கரையோரக் கிராமத்தார் வீடும் வயலும் விட்டு இடம் மாற்றப்பட்டார்கள். கடல் அவர்கள் கண்ணிலிருந்து விலகியது. 2021 மார்ச்சில் ஆயுதக் கும்பல் பால்மா ஊருக்குள் புகுந்து கொன்று குவித்தது. அடுத்த மாதமே டோட்டல் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு வேலையை நிறுத்தியது. ஊர் மக்களுக்குப் போக எங்கே இடம்?

கொலைகாரர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது. அதை அழுத்தமாகவே சொல்கிறோம். நாம் கேட்பது வங்கியை. உள்நாட்டுக்கும் கொஞ்சம் எரிவாயு ஒதுக்கப்படும், அரசுக்கு வரி வரும் என்று சொல்லப்பட்டது உண்மை. ஆனால் திட்டத்தின் உடம்பு முழுவதும் ஏற்றுமதிக்கு. இத்தனை பெரிய நிறுவனத்துக்குக் கடன் தர உலகில் வேறு வங்கியே இல்லையா? 60 கோடி ஆப்பிரிக்கர்கள் வீட்டில் மின்விளக்கு இல்லாத கண்டத்தின் வங்கி, தன் 40 கோடி டாலரைக் கொண்டுபோய் வைத்த இடம் இது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தில் 30 சதவீதப் பங்கு நம் இந்திய அரசுத்துறை எண்ணெய் நிறுவனங்களுடையது. வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போவது நமக்குச் சௌகரியம். ஆனால் கணக்கு அப்படி இல்லை.

வங்கி நல்லதே செய்யவில்லை என்று நான் சொன்னால் அது அநியாயம். 2022இல் உக்ரைன் போரால் கோதுமையும் உரமும் தட்டுப்பட்டபோது சில வாரங்களிலேயே 150 கோடி டாலர் உணவு உற்பத்தித் திட்டம் அறிவித்தது. உலக வங்கியோடு சேர்ந்து 2030க்குள் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் என்று இறங்கியிருக்கிறது. விளைபொருளை விளைந்த இடத்திலேயே பதப்படுத்தும் மண்டலங்கள் என்ற திட்டமும் அதனுடையதுதான். நம் பண்ருட்டிச் சகோதரர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது. நைஜீரியாவுக்கு அதற்காக 2021 டிசம்பரில் 21 கோடி டாலர் ஒப்புதல் ஆயிற்று. கடுனாவில் அடிக்கல் நாட்டியது எப்போது தெரியுமா? 2025 ஏப்ரலில்! கடனுக்குக் கையெழுத்து ஒரு நாளில். கல்லுக்கு மூன்று வருடத்துக்கும் மேல். இந்தத் தாமதத்தில் வங்கிக்கும் பங்குண்டு, நைஜீரிய அரசு அலுவலகங்களுக்கும் பங்குண்டு.

டாலரில் கடன், நைராவில் வியாபாரம்

இது நம் வியாபாரிகளுக்கு உடனே உறைக்கும். வங்கி பெரும்பாலும் டாலரிலும் யூரோவிலும் கடன் தருகிறது. வாங்குகிறவன் வருமானமோ உள்ளூர்ப் பணத்தில். நைஜீரியாவில் 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024இல் அது 1500ஐத் தாண்டியது. அரைக்கும் ஆலை வைக்க டாலரில் கடன் பட்டவனை நினைத்துப் பாருங்கள். அவன் திருடவில்லை, சோம்பலாகவும் இல்லை, வியாபாரமும் படுக்கவில்லை. கடன் மட்டும் மூன்று மடங்கு! சாம்பியா 2020இல் வெளிக்கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. கானா 2022இல். எதியோப்பியா 2023இல். அங்கே ஊழலும் ஊதாரித்தனமும் காரணம்தான். ஆனால் தன் நாட்டுப் பணம் சரியும்போதெல்லாம் கடன் பெருகுகிற இந்த ஏற்பாடும் காரணம்.

உள்ளூர்ப் பணத்தில் கடன் கொடு, நாணய மாற்று அபாயத்தை வங்கி தன் தலையில் கொஞ்சம் ஏற்றுக்கொள் என்று ஆப்பிரிக்கப் பொருளாதார அறிஞர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வங்கியின் முதல்தர மதிப்பீடு கெட்டுவிடும் என்பது பதில். மதிப்பீடு கெட்டால் கடன் விலை ஏறும் என்பதும் பொய்யல்ல. ஆனால் மதிப்பீட்டைக் காப்பாற்ற வங்கியா, மக்களைக் காப்பாற்ற மதிப்பீடா? ஒரேயடியாக வேண்டாம், ஆலைக்கும் விவசாயத்துக்கும் தரும் கடனில் ஒரு பகுதியையாவது அப்படித் தொடங்கலாமே!

குற்றவாளிக் கூண்டில் நம்மவர்களும்

ஒரு வாசகர் கேட்பார்: "ஆப்பிரிக்கர்கள் கையில் முழுச் சாவியும் கொடுத்தால் சுரண்டிவிட மாட்டார்களா? தொண்ணூறுகளில் நடந்தது என்ன?"

நியாயமான கேள்வி. 1994இல் உலக வங்கியின் முன்னாள் அதிகாரி டேவிட் நாக்ஸ் தலைமையிலான குழு அறிக்கை வங்கியின் மானத்தை வாங்கியது. திருப்பிக் கட்ட முடியாத நாடுகளுக்குக் கடன், குவிந்த பாக்கி, மேலிருந்து கீழ்வரை நிர்வாகக் குளறுபடி. 1995இல் தர மதிப்பீடு இறங்கியது. அந்த வருடம் தலைவராக வந்த மொராக்கோவின் உமர் கப்பாஜ் ஆட்களைக் குறைத்து, கடன் விதிகளை இறுக்கி, வங்கியைக் காப்பாற்றினார். அதைச் செய்தது யார்? ஆப்பிரிக்கர்தான்! குளறுபடி செய்ததும் ஆப்பிரிக்கர், சரிசெய்ததும் ஆப்பிரிக்கர். அப்படியிருக்க வெளியார் ஓட்டு ஏறியதற்கு நேர்மை காரணமல்ல, பணம்தான் காரணம்.

அதனால்தான் நம் கோபத்தின் பாதியை ஆப்பிரிக்க அரண்மனைகளை நோக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது. எண்ணெய் விற்கிறீர்கள், தங்கம் விற்கிறீர்கள், கோபால்ட் விற்கிறீர்கள். மாநாட்டுக்குத் தனி விமானத்தில் வந்து, பக்கத்து ஏழை நாட்டுக்கான நிதியைப் பாரிசிடம் கேட்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? 1976இல் நைஜீரியா செய்து காட்டியிருக்கிறது. தன் எண்ணெய்ப் பணத்தில் 8 கோடி டாலர் எடுத்து, ஏழைச் சகோதர நாடுகளுக்குச் சலுகைக் கடன் தர நைஜீரிய அறநிதி என்று இதே வங்கியில் தொடங்கியது. ஐம்பது வருடத்தில் அதைப் பார்த்து இன்னொரு நாடு தன் பெயரில் அதுபோல் ஒன்று வைத்திருந்தால்!

2025 செப்டம்பரில் மௌரித்தானியாவின் சீதி ஊல்த் தாஹ் தலைவர் பொறுப்பேற்றார். அதற்கு முன் பத்து வருடம் அரபு நாடுகளின் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியை நடத்தியவர். வளைகுடாப் பணம் எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்டால் வரும் என்று தெரிந்தவர். அந்த டிசம்பரில் லண்டனில் நிதிக்குப் பணம் திரட்டும் கூட்டம் நடந்தது. சுமார் 1100 கோடி டாலர் சேர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் தாமும் தருவதாக எழுந்து நின்றன. நல்ல செய்தி. ஆனால் அவர்கள் பங்கு எல்லாம் சேர்ந்து 20 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அந்த இரண்டை வைத்துக்கொண்டு 75 சதவீத விதியை மாற்று என்று எப்படிக் கேட்பது? ஆப்பிரிக்க நாடுகள் இதைப் பத்தாக்கட்டும், பதினைந்தாக்கட்டும். அதே மூச்சில் விதியைத் திருத்தச் சொல்லட்டும். நான்கில் மூன்று பங்கு என்பதைச் சாதாரணப் பெரும்பான்மையாக்கு, வாங்குகிற 37 நாடுகளுக்கு அந்த மேசையில் தங்கள் பெயரிலேயே நாற்காலி போடு என்று கேட்கட்டும். வளைகுடாப் பணம் வந்தால் அதற்கும் இதே நிபந்தனைதான். பாரிசின் தலையசைப்புப் போய் ரியாதின் தலையசைப்பு வந்தால் ஏழைக்கு என்ன லாபம்?

நமக்கு நஷ்டம் வந்தால்?

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். ஐவரி கோஸ்டில் கொட்டையை அங்கேயே உடைத்துவிட்டால் பண்ருட்டிக் கிடங்கு என்னாவது? அங்கே தரையில் உட்கார்ந்து கை கறுக்கக் கொட்டை உடைக்கும் பெண்கள் என்னாவார்கள்? கற்பனைக் கேள்வியல்ல. பெனின் நாடு 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டை ஏற்றுமதிக்கே தடை போட்டுவிட்டது. கினி பிஸ்ஸாவ் என்ற சின்ன நாட்டின் ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுவதும் முந்திரிக்கொட்டைதான். அவர்களும் எத்தனை நாள் மூட்டையாகவே அனுப்புவார்கள்?

நான் அந்தச் சகோதரரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வரத்தான் போகுது ஹஜ்ரத். நாங்க சில பேர் அங்க போயி ஷெட் போடலாமான்னு பேசிட்டிருக்கோம். எங்களுக்குத் தொழில் தெரியும், அவங்ககிட்ட சரக்கு இருக்கு. ஆனா அந்த வங்கிக் கடன் எங்கள மாதிரி ஆளுக்கு எட்டுமா?" என்றார்.

எட்டாது. அந்த வங்கியின் கதவு அரசுகளுக்கும் டோட்டல் போன்றவர்களுக்கும் அகலம். பத்து மிஷின் போடும் அபிஜான் வியாபாரிக்கும் குறுகல், அவனோடு கூட்டுச் சேரப் போகும் பண்ருட்டி வியாபாரிக்கும் குறுகல். அந்த விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம். உடைக்கும் பெண்களுக்கு மாற்று வேலை என்பது நம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்வி, அதை ஆப்பிரிக்க விவசாயியின் வயிற்றில் அடித்துத் தீர்க்க முடியாது.

2017 மே மாதம் இந்த வங்கியின் ஆண்டுக் கூட்டம் குஜராத் காந்திநகரில் நடந்தது. பிரதமர் மோடி துவக்கிவைத்தார். ஆப்பிரிக்கா நம் முன்னுரிமை என்று மேடை முழங்கியது. இந்தியாவின் சார்பில் அந்த வங்கியின் ஆளுநர் குழுவில் இருப்பவர் நம் நிதியமைச்சர். நமக்குள்ள ஓட்டு சிறியதுதான், ஆனால் ஓட்டு ஓட்டுதான். நிதியின் 75 சதவீத விதியைத் திருத்த இந்தியா குரல் கொடுத்ததா? மொசாம்பிக் கடன் வந்தபோது நம் தரப்பு என்ன நிலை எடுத்தது? சிறு வியாபாரிகளுக்கு அங்கே உள்ளூர்ப் பணத்தில் கடன் கேட்டோமா? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள். கேள்வி நேரத்தில் எழுப்பச் சொல்லுங்கள். பண்ருட்டி, கடலூர், தூத்துக்குடிச் சகோதரர்கள் முதலில் போகட்டும். மூட்டை இறங்குவது அவர்கள் ஊரில்தானே.